திண்டிவனத்தில் புறப்படும் மனு

திண்டிவனம் வட்டத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்கரையைப் பலப்படுத்தி மதகைச் சீரமைத்ததாகப் பலகை நிற்கிறது, மதகோ ஒழுகுகிறது. ஊர்க்காரர் ஒருவர் வெள்ளைத்தாளை எடுக்கிறார். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று எழுதினால் மனு அங்கேயே செத்துப்போகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விளக்கம் கேட்க இடமில்லை. அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தைத்தான் கேட்கலாம். ஆகவே எஸ்டிமேட், செய்த வேலையின் அளவை எழுதும் எம்-புக், பில் மூன்றுக்கும் நகல் கேட்கிறார். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டுகிறார். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தச் செலவும் இல்லை.

இந்த மனுவின் முன்னோர் ராஜஸ்தான்காரர்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பில் திரண்ட ஏழைகள், தங்கள் கூலியை எழுதிய மஸ்டர் ரோலைக் காட்டச் சொல்லி 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். மறு ஆண்டே, இந்தியாவில் முதல் மாநிலமாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம். நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தபிறகே நம் மனுவுக்கு வலு வந்தது.

மனு தாலுகா ஆபீசுக்குப் போகிறது. ஏரி அவர்கள் பொறுப்பில் இல்லை. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குள் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. "எங்களுடையதல்ல" என்று கைகழுவ முடியாது. 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். நீர்வளத் துறை ஏரி என்றால், அப்படித்தான் மனு விழுப்புரம் போய்ச் சேரும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்கு 30 நாள், மிஞ்சினால் 45. அங்கேயும் நடக்காவிட்டால் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம்.

இங்கேதான் வயிறு எரிகிறது. கீழே ஒவ்வொரு மேசைக்கும் கெடு வைத்த சட்டம், ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போடும் அதிகாரம் அங்கே இருக்கிறது. ஆனால் மனு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அங்கே கிடக்கலாம். மதகுக்கு அடுத்த ஐப்பசி மழை காத்திருக்காது.

நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்; கெடு தாண்டியிருந்தால் இலவசம். எம்-புக் கைக்கு வந்துவிட்டால் நாலு பேர் டேப்போடு ஏரிக்கரைக்குப் போகலாம். புத்தகத்தில் எழுதிய நீளத்தையும் தாங்கள் அளந்த நீளத்தையும் அடுத்த கிராம சபையில் சேர்த்தே வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லலாம்.