குண்டு மழையில் ஒரு திராட்சை அறுவடை

1976-ம் வருட 'ஷாத்தோ முசார்' என்று ஒரு புட்டி உலகத்தில் எங்கேயும் கிடையாது. 1975 இருக்கிறது, 1977 இருக்கிறது. நடுவில் ஒரு வருடம் காணோம். அந்த வருடம் திராட்சை காய்க்காமல் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. கொடியில் பழம் இருந்தது, ஆனால் அதைக் கொண்டுபோக வழி இல்லை. லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. சாலைகள் அடைபட்டுக் கிடந்தன, மின்சாரமும் இல்லை.

லெபனான் என்றதும் நமக்கு குண்டுவெடிப்பும் பெய்ரூட்டின் இடிந்த கட்டிடங்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒயின் விஷயத்தில் அந்த நாடு பிரான்சுக்கு எல்லாம் தாத்தா. இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பினீசியர்கள் கப்பல் கப்பலாக ஒயினை ஏற்றி மத்தியதரைக் கடல் முழுக்க விற்றவர்கள். தெற்கு லெபனானில் தெல் எல் புராக் என்ற இடத்தில் சுமார் 2600 வருடம் பழமையான, சுண்ணாம்புச் சாந்து பூசிய திராட்சை பிழியும் தொட்டி ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2020-ல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. பின்னால் வந்த ரோமானியர்கள் பெக்கா பள்ளத்தாக்கில் உள்ள பால்பெக்கில் ஒயின் கடவுளான பாக்கசுக்கு ஒரு கோயிலே கட்டினார்கள். அதன் தூண்கள் இன்னும் நிற்கின்றன.

அப்புறம் ஒட்டோமான் ஆட்சி. ஒயின் தொழில் பெரும்பாலும் கிறிஸ்தவர்களின் பூசைத் தேவை என்ற அளவுக்குச் சுருங்கிப் போனது. 1857-ல் க்ஸாரா என்ற இடத்தில் ஏசு சபைப் பாதிரியார்கள் தொடங்கிய தோட்டம்தான் நவீன லெபனான் ஒயினின் ஆரம்பம். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் ஆள வந்தார்கள். பிரெஞ்சு அதிகாரியும் சிப்பாயும் வந்தால் ஒயின் தேவைப்படாமல் இருக்குமா? இந்தச் சமயத்தில்தான், 1930-ல், காஸ்தோன் ஹோஷார் என்பவர் பெய்ரூட்டுக்கு வடக்கே காசிர் என்ற மலை ஊரில், ஒரு பழைய கோட்டையில் ஷாத்தோ முசாரைத் தொடங்கினார்.

இங்கே ஒரு வேடிக்கை. ஒயின் தயாரிக்கும் இடம் காசிரில், கடலைப் பார்த்த சரிவில். திராட்சைத் தோட்டங்களோ பெக்கா பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில். நடுவில் லெபனான் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. ஏன் இப்படி? நாட்டின் எல்லைகள் உறுதியாகாத காலம் அது, பெக்கா ஒருவேளை சிரியாவோடு போய்விட்டால் ஆலையும் போய்விடுமே என்று பயந்துதான் மலைக்கு இந்தப் பக்கம் வைத்தார்கள் என்று ஒரு காரணம் சொல்வார்கள். 1930-ல் எடுத்த அந்த முடிவுதான் 45 வருடம் கழித்து மகனின் தலையில் விடிந்தது.

மகன் பெயர் செர்ஜ் ஹோஷார். 1959-ல் அப்பாவிடமிருந்து ஒயின் தயாரிப்பை ஏற்றபோது வயது இருபதுதான். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் விஞ்ஞானத்தின் பெரிய தலையான எமில் பெய்னோவிடம் படித்தவர். ஆனால் விஞ்ஞானம் படித்த ஆள் செய்தது என்னவோ தலைகீழ். ஒயினில் எதையும் சேர்க்காதே, எதையும் எடுக்காதே என்பதுதான் அவர் கொள்கை. கடையில் வாங்கிய ஈஸ்ட் கிடையாது, பழத்தோலிலும் ஆலையிலும் தானாக வாழும் ஈஸ்ட்டே சிமெண்ட் தொட்டியில் நொதிக்க வைக்கும். வடிகட்டி பளபளப்பாக்குவதும் கிடையாது. கபெர்னே சோவிஞோன், சான்சோ, காரிஞான் என்று மூன்று திராட்சை வகைகளைத் தனித்தனியாக நொதிக்க வைத்து, ஓக் பீப்பாயில் ஒரு வருடம் போல வைத்து, பிறகு கலந்து, புட்டியில் அடைத்து, அறுவடையிலிருந்து ஏழு வருடம் கழித்துத்தான் விற்பனைக்கு விடுவார். வெள்ளை ஒயினுக்கு ஒபைதே, மெர்வா என்ற உள்ளூர் வகைகள். சோம்பு வாசனை அடிக்கும் அரக் சாராயத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பழங்களை உலகம் மதிக்கும் ஒயினாக்கியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பெக்காவில் கோடையில் மழை அநேகமாகக் கிடையாது. ஈரம் இல்லாததால் பூஞ்சை நோய் குறைவு, மருந்து அடிக்கும் தேவையும் குறைவு. 'இயற்கை விவசாயம்' என்பது நாகரிக வார்த்தை ஆவதற்கு முன்பே இவர்கள் ஏறத்தாழ அப்படித்தான் பயிர் செய்தார்கள். அதிகாரபூர்வச் சான்றிதழ் 2006-ல் கிடைத்தது. லெபனானில் அதைப் பெற்ற முதல் ஒயின் தோட்டம் இதுதான். அதே 2006-ல் இஸ்ரேலுடனான 34 நாள் போரும் நடந்தது. சான்றிதழுக்கு வேறு வருடம் கிடைக்கவில்லை போல!

சரி, போருக்கு வருவோம். 1975-லிருந்து 1990 வரை பதினைந்து வருடம். பெக்காவில் சிரிய ராணுவம், காசிர் பக்கம் கிறிஸ்தவ ஆயுதக் குழுக்கள், நடுவே யார் யாரோ. பறித்த பழத்தை லாரியில் ஏற்றி, ஒவ்வொரு சோதனைச் சாவடியாகத் தாண்டி, மலையேறி இறங்க வேண்டும். பழம் காத்திருக்காது. வெயிலில் நசுங்கினால் லாரியிலேயே நொதிக்க ஆரம்பித்துவிடும். 1984-ல் அதுதான் நடந்தது. சில மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் நாள் கணக்கில் இழுத்து, பழம் ஆலைக்கு வந்து சேர்வதற்குள் நொதிக்கத் தொடங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சாக்கடையில் கொட்டியிருப்பார்கள். செர்ஜ் அதையும் ஒயினாக்கிப் பத்திரப்படுத்தினார், பல வருடம் விற்பனைக்கு விடவில்லை. அதே 1984-ல்தான் இங்கிலாந்தின் 'டிகாண்டர்' பத்திரிகை தன் முதல் 'ஆண்டின் சிறந்த மனிதர்' விருதை இவருக்குத் தந்தது.

இங்கிலாந்து எப்படி நடுவில் வந்தது? போருக்கு முன் இவர்கள் ஒயினை வாங்கியவர்கள் முக்கியமாக உள்ளூர்க்காரர்களும் பெய்ரூட்டுக்கு வந்த பணக்காரச் சுற்றுலாப் பயணிகளும். போர் வந்ததும் அந்தச் சந்தை ஒரே அடியில் போயிற்று. 1979-ல் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சிக்கு செர்ஜ் புட்டிகளோடு போனார். மைக்கேல் பிராட்பெண்ட் போன்ற பெரிய விமர்சகர்கள் 1967-ம் வருட முசாரைக் குடித்துவிட்டு அசந்து போனார்கள். லெபனான் விற்க முடியாததை லண்டன் வாங்க ஆரம்பித்தது.

செர்ஜைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு கதையைச் சொல்வார்கள். பெய்ரூட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது எல்லோரும் பதுங்கு அறைக்கு ஓட, இவர் மட்டும் வீட்டிலேயே இருந்து, ஒரு புட்டி முழுவதையும் பெரிய கோப்பையில் ஊற்றி, மணிக்கணக்காகச் சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டு ஒயின் எப்படி மாறுகிறது என்று பார்த்தாராம். சுவாரசியமான கதைதான். எனக்கு என்னவோ அந்தக் கோப்பையைவிட லாரிதான் மனதில் நிற்கிறது. சாவடியில் துப்பாக்கியோடு நிற்பவனிடம் "திராட்சைதான் ஐயா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வளைவில் ஷெல் விழுமா என்று தெரியாமல் ஓட்டிப்போன டிரைவர்கள் யார்? பழம் பறித்த பெதூயின் கூலிக்காரர்கள் யார்? விருது வாங்கியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், இவர்கள் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. ஒயினுக்காக இவ்வளவு உயிர் ஆபத்து தேவையா என்றும் கேட்கலாம். ஆனால் அந்த அறுவடையை நம்பித்தான் அந்தக் குடும்பங்களின் வருடம் ஓடியது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சுவை எப்படி? என் பாக்கெட் மணிக்கு அது எட்டாத பொருள் :) படித்த வரையில் இரண்டு கட்சி. லேசான புளிப்பும் தோல் வாசனையும் சேர்ந்த அபூர்வம் என்று ஒரு கட்சி. காடி வாசனை அடிக்கிறது, இதெல்லாம் தயாரிப்புக் கோளாறு என்று இன்னொரு கட்சி. வருடத்துக்கு வருடம், ஏன், புட்டிக்குப் புட்டிகூட மாறும் என்கிறார்கள். தொழிற்சாலைச் சரக்கு மாதிரி ஒரே சுவையில் இருக்க வேண்டும் என்று செர்ஜ் நினைத்ததே இல்லை.

2014 டிசம்பர் 31 அன்று, மெக்சிகோவில் விடுமுறையில் கடலில் நீந்தப் போனபோது செர்ஜ் இறந்துபோனார். அந்த வருடம் பறித்த பழங்கள் அப்போது ஒயினாகிக்கொண்டிருந்தன. ஏழு வருடக் கணக்குப்படி அது 2021-ல் விற்பனைக்கு வந்தது. அதற்குள் லெபனானின் பணம் மதிப்பிழந்து, வங்கிகள் கைவிரித்து, 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகமும் வெடித்துச் சிதறியிருந்தது.