ஷிப் ஆப் தீசியஸ் (திரைப்படம்)

ஷிப் ஆப் தீசியஸ் (தீசியசின் கப்பல்) என்பது ஆனந்த் காந்தி இயக்கிய இந்தியத் திரைப்படமாகும். பங்கஜ் குமார் ஒளிப்பதிவு செய்துள்ளார். 2012 இல் டொராண்டோ பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்ட இப்படம், 2013 சூலையில் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. 61 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பெயர்க் காரணம்

கிரேக்கத் தொன்மத்தின்படி, கிரீட் தீவின் சிக்கல் வழி மாளிகையில் இருந்த மினோட்டார் என்னும் எருதுத்தலை மனிதனைக் கொன்று திரும்பிய வீரன் தீசியஸ். அவனது கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்தனர் என்றும், உளுத்த பலகைகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தி வந்தனர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். பலகைகள் அனைத்தும் மாறிய பின்னரும் அது அதே கப்பல்தானா என்பது மெய்யியலாளரிடையே நீண்டகால வினாவாகும். இப்படம் அவ்வினாவை உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்ற மனித உடலை நோக்கி எழுப்புகின்றது.

கதைச் சுருக்கம்

விழிவெண்படல மாற்றுச் சிகிச்சையால் பார்வை பெறும் ஒளிப்படக் கலைஞர் ஆலியா, தன் புதிய படங்களில் நிறைவு காண்பதில்லை. விலங்குகள் மீதான சோதனைகளை எதிர்க்கும் துறவி மைத்ரேயர், ஈரல் நோயுற்றும் மருந்துகளை மறுக்கின்றார். இறுதியில் சிகிச்சைக்கு இணங்குகின்றார். சிறுநீரகம் பெற்ற பங்குத் தரகர் நவீன், ஏழைத் தொழிலாளி ஒருவரிடமிருந்து திருடப்பட்ட சிறுநீரகத்தைத் தேடிச் செல்கின்றார்.

இறுதிக் காட்சி

மூவருக்கும் உறுப்பளித்தவர் ஒருவரே என்பது இறுதியில் தெரியவருகின்றது. அவரிடமிருந்து உறுப்பு பெற்ற அனைவரும் ஓரிடத்தில் கூடி, குகைகளை ஆராய்ந்த அவர் தாமே எடுத்த படத்தைக் காண்கின்றனர். விளக்கொளி பட்ட பாறைகள் மட்டும் புலப்பட, மற்றவை இருளில் உள்ளன. ஒளிப்படக் கருவியின் பின்னே இருப்பதால் அவர் நிழலாக மட்டுமே குகைச் சுவரில் தோன்றுகின்றார்.

குகை, தீசியஸ் நுழைந்த சிக்கல் வழியுடன் ஒப்புநோக்கத்தக்கது. சுவரில் விழும் நிழல், பிளேட்டோ கூறிய குகை உவமையை நினைவூட்டுகின்றது. அக்குகையை முன்பு கண்ட விழிவெண்படலத்தின் வழியாகவே ஆலியா இப்போது திரையில் அதனைக் காண்கின்றார். கப்பலைப் பற்றிய வினாவில் பலகைகள் மாறுகின்றன, கப்பல் நிற்கின்றது. இங்கோ கப்பல் மறைந்துவிட்டது, பலகைகள் வேறு கப்பல்களில் வாழ்கின்றன. படம் இதற்கு விடை கூறுவதில்லை.

இந்திய மரபில்

இதனையொத்த வினா பாலி நூலான மிலிந்த பன்காவில் காணப்படுகின்றது. அதில் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, சக்கரமோ அச்சோ தனியே தேர் ஆகுமா என இந்தோ-கிரேக்க மன்னர் மிலிந்தரிடம் வினவுகின்றார்.