வேரில்லாச் செடிகளின் பதிவேடு

மனிதன் எதை எண்ணி வைக்கிறான்? பொன்னை எண்ணுகிறான், ஆடு மாடுகளை எண்ணுகிறான், களத்தில் குவிந்த நெல்மூட்டைகளை எண்ணுகிறான். தனக்குப் பயன் தருவதை மட்டுமே கணக்கில் ஏற்றுவது நம் இயல்பு. சுவரில் படரும் பாசியை எண்ணி ஏட்டில் எழுதியவர் உண்டோ என்று யாரேனும் கேட்டால் நகைப்போம். ஆயினும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகச் சிலர் அதையே செய்து வந்துள்ளனர். அவர்களுள் பேராசிரியர் உண்டு. பஞ்சாலைத் தொழிலாளி உண்டு. பள்ளி ஆசிரியர் உண்டு. பங்குக் குருக்கள் உண்டு. நோயுற்ற ஓர் இளம்பெண்ணும் உண்டு. பயன் கருதாது அவர்கள் எழுதி வைத்த ஏடுகள், பிற்காலத்தில் அந்நாடுகளின் காற்றுக்கே சாட்சி கூறின. அவ்வரலாறு நாம் அறியத்தக்கது.

'பாசி' என்னும் ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கிறோம். குளத்து நீரில் மிதப்பது ஒரு வகை. மழைக்காலத்தில் மதில்மீதும் மரப்பட்டைமீதும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் படர்வது வேறொரு வகை. இந்த இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் 'மாஸ்' என்று பெயர். கண்ணருகே வைத்து நோக்கினால் அந்தப் பச்சைப் பரப்பு, தண்டும் இலையும் கொண்ட நூற்றுக்கணக்கான சிறு செடிகளின் கூட்டம் என்பது புலப்படும். இதன் உறவினச் செடி 'லிவர்வோர்ட்' எனப்படும். இவ்வினத்துள் சிலவற்றின் மடல் ஈரலின் வடிவை ஒத்திருப்பதால் ஈரல் நோய்க்கு அது மருந்தாகும் என்று பழங்கால மருத்துவர் நம்பினர். பெயரும் அவ்வாறே அமைந்தது. நாம் ஈரற்செடி என்போம்.

இவற்றுக்கு உண்மையான வேர் இல்லை. பூவும் விதையும் இல்லை. இலை பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணுவின் கனமே உடையது. மழையையும் மூடுபனியையும் உடல் முழுவதாலும் பருகி இவை வாழ்கின்றன. நீர் வற்றினால் சுருண்டு கிடக்கும். மீண்டும் ஈரம் பட்டால் விரியும். அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று ஓயாது வீசும் அத்தீவுகளில் ஏறத்தாழ 1,100 வகைகள் உள்ளன. ஐரோப்பா முழுவதிலும் உள்ள வகைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை அங்கு வாழ்கின்றன.

பாசிக்கு ஒரு பெருநூல்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்த டில்லேனியுஸ் என்பவர் 1721-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு வந்தார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் தாவரவியல் பேராசிரியரானார். 1741-இல் அவர் 'ஹிஸ்டோரியா முஸ்கோரும்' என்னும் பெருநூலை இலத்தீனில் வெளியிட்டார். அதன் 85 படத்தகடுகளையும் தம் கையாலேயே வரைந்து செதுக்கினார். மாஸ், ஈரற்செடி, கற்பாசி, நீர்ப்பாசி ஆகிய அனைத்தையும் அந்நூல் ஒருங்கே கொண்டிருந்தது. மருந்துக்குரிய மூலிகைகளையும் தோட்டத்துக்குரிய மலர்களையும் தேடித்திரிந்த ஒரு காலத்தில், எதற்கும் உதவாதவை எனத் தள்ளப்பட்டவற்றுக்கு ஒருவர் இவ்வளவு உழைத்தார் என்பதே வியப்பு.

பான்ட்ரி விரிகுடாவின் எலன்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கார்க் மாவட்டத்துப் பான்ட்ரி விரிகுடாவின் கரையில், பாலிலிக்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1785-இல் பிறந்தவர் எலன் ஹட்சின்ஸ். கல்விக்காக டப்ளின் சென்ற அவர் அங்கு நோயுற்றார். மருத்துவர் விட்லி ஸ்டோக்ஸ் அவரைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார்; வெளிக்காற்றில் உலவவும் மனத்துக்கு ஒரு பணி கிட்டவும் தாவரவியலைக் கற்கும்படி கூறினார். சிறிது உடல் தேறியதும் வயது முதிர்ந்த தாயையும் உடல் ஊனமுற்ற தமையனையும் கவனிக்க எலன் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

வீட்டுக் கடமைகள் போக எஞ்சிய நேரத்தில் அவர் கடற்கரையிலும் ஓடைக்கரையிலும் பாறை இடுக்குகளிலும் தேடினார். கடற்பாசிகளையும் மாஸ்களையும் ஈரற்செடிகளையும் சேகரித்து, உலர்த்தி, பொதிந்து அனுப்பினார். கடற்பாசிகளை வண்ண ஓவியங்களாகவும் தீட்டினார். இங்கிலாந்தின் யார்மத் நகரில் வங்கி நடத்திவந்த தாவரவியல் அறிஞர் டாசன் டர்னருக்கு 1807 முதல் ஏழு ஆண்டுகள் மடல் எழுதினார். இருவரும் ஒருவரை ஒருவர் ஒருபோதும் நேரில் கண்டதில்லை. டர்னர் வேண்டியதற்கிணங்கத் தம் பகுதியின் செடிகளை வரிசைப்படுத்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றையும் தந்தார்.

நோய் மீண்டும் அவரைப் பற்றியது. 1815-ஆம் ஆண்டு பிப்ரவரியில், முப்பது வயதை எட்டுமுன்னரே இறந்தார். பான்ட்ரியின் பழைய கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கல்லேதுமின்றி அடக்கம் செய்யப்பட்டார். அருவியோரத்து இருண்ட பாறைகளில் வளரும் ஓர் ஈரற்செடிக்கு ஊக்கர் என்னும் அறிஞர் எலனின் பெயரையே இட்டார்; 'ஜூபுலா ஹட்சின்சியே' என்று அது இன்றும் வழங்குகிறது. அவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் கழித்து, 2015-இல், அக்கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. கல் மறந்த பெயரை இருநூறு ஆண்டுகள் ஒரு சிறுசெடி சுமந்து நின்றது.

நீலகிரி அறிந்த ஒருவர்

யார்க்ஷயரில் 1817-இல் பிறந்த ரிச்சர்டு ஸ்ப்ரூஸ், ஆசிரியரின் மகன், தாமும் ஆசிரியரானவர். வட இங்கிலாந்தின் டீஸ்டேல் பள்ளத்தாக்கிலிருந்து அந்நாளைய யார்க்ஷயர்த் தாவர நூல் குறித்திருந்த மாஸ் வகைகள் நான்கே. 1843-இல் அங்குச் சென்று தேடிய ஸ்ப்ரூஸ், 167 மாஸ் வகைகளையும் 41 ஈரற்செடி வகைகளையும் பட்டியலிட்டார். செடிகள் முன்பும் அங்கேதான் இருந்தன. குனிந்து பார்த்தவர்தாம் இல்லை.

பின்னர் இவர் தென் அமெரிக்கா சென்று பதினைந்து ஆண்டுகள் அலைந்தார். மலேரியாவுக்கு மருந்தாகிய கொய்னா தரும் சின்கோனா மரத்தின் விதைகளை 1860-இல் எக்குவடோர் மலைகளில் திரட்டி அனுப்பியவர் இவரே. அவ்விதைகள் நம் உதகமண்டலத்தில் முளைத்தன. ஆனால் உடல் நலிந்து ஊர் திரும்பிய ஸ்ப்ரூஸ், தம் இறுதி ஆண்டுகளை ஈரற்செடிகளுக்கே அளித்தார். இவற்றிலிருந்து மனிதன் உணவோ மருந்தோ பெறவில்லை என்பதை ஒப்புக்கொண்ட அவர், இறைவன் வைத்த இடத்தில் இவை பயனுள்ளவையே என்றும், தம்மளவில் அழகுள்ளவையாய் இருப்பதே ஓர் உயிர் இருப்பதற்குப் போதிய காரணம் என்றும் நண்பர் ஒருவருக்கு எழுதினார். உலகுக்குப் பயன்மிக்க ஒரு மரத்தின் விதைகளைத் தேடித் தந்தவர் இவ்வாறு எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது.

ஸ்ப்ரூஸ் தனித்தவர் அல்லர். லங்காஷயர்ப் பகுதிகளில் ஆலைத் தொழிலாளரும் நெசவாளரும் செருப்புத் தைப்போரும் ஞாயிறுகளில் கூடிச் செடிகளை மேசைமேல் பரப்பி, இலத்தீன் பெயர்களை உரக்கச் சொல்லிக் கற்றனர். டாட்மார்டன் ஊரின் பஞ்சாலைத் தொழிலாளி ஜான் நோவெல், மாஸ்களைப் பற்றிய அறிவில் கற்றறிந்தோரும் மதிக்கும் நிலையை எய்தினார்.

பங்குக் குருவின் அழைப்பு

அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் சென்ட்ஃபீல்டு என்னும் ஊர். அங்கே ஆங்கிலிக்கன் சபைக் குருவாகப் பணியாற்றிய வாடெல் என்பவர் 1896-இல் 'மாஸ் பரிமாற்றக் கழகம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். உறுப்பினர் தம் ஊரில் கண்டவற்றை உலர்த்திக் காகித உறையிலிட்டு அஞ்சலில் அனுப்புவர். அவை பிரிக்கப்பட்டு மற்ற உறுப்பினருக்குச் செல்லும். பெயரில் பிழை இருப்பின் வல்லுநர் திருத்துவர். டவுன் மாவட்டத்தின் மற்றொரு குருவாகிய லெட், 1915-இல் அயர்லாந்து முழுவதற்குமான மாஸ் கணக்கெடுப்பை வெளியிட்டார்.

குருக்கள் இப்பணியில் ஈடுபட்டதில் ஒரு பொருத்தம் உண்டு. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். யார், எங்கே, எந்நாளில், யார் கையால் என்ற நான்கும் அதில் இருக்கும். மாஸ் பதிவிலும் அந்நான்கே: எது, எங்கே, என்று, யார் கண்டது. எழுதும் நாளில் எவருக்கும் அது பெரிதாய்த் தோன்றுவதில்லை. நாற்பது ஆண்டு கழித்து ஒருவர் தம் பிறப்பை மெய்ப்பிக்க வந்து நிற்கும்போதே அந்த ஒற்றை வரியின் அருமை விளங்கும். பதிவேட்டுக்குச் சான்றாளர் போல மாஸ் பதிவுக்கும் ஒரு சான்று உண்டு. ஒரு பகுதியில் புதிதாய்க் கண்ட வகையெனில், உலர்ந்த செடியையே அனுப்ப வேண்டும். நூறாண்டு கழிந்த உறையைத் திறந்து, நீர் தெளித்து, இலை விரிந்ததும் நுண்ணோக்கியில் வைத்து எவரும் சரிபார்க்கலாம்.

'எங்கே' என்பதற்கும் நிலையான எல்லை வேண்டுமல்லவா? அரசு மாவட்ட எல்லைகளை அவ்வப்போது மாற்றிவிடும். எனவே வாட்சன் என்பவர் 1852-இல் பிரிட்டனைத் தாவரக் கணக்கெடுப்புக்கென 112 பிரிவுகளாக வகுத்தார். பிரேகர் 1901-இல் அயர்லாந்தை 40 பிரிவுகளாக வகுத்தார். அவ்வெல்லைகள் இன்றும் மாறவில்லை. அப்பிரிவுகளின்படி, எது எங்கே உண்டு என்னும் பட்டியல் ஈரற்செடிகளுக்கு 1905-லும் மாஸ்களுக்கு 1907-லும் வெளிவந்தது. 1923-இல் கழகம் 'பிரிட்டிஷ் பிரையாலஜிக்கல் சொசைட்டி' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

கழகம் தொடங்கிய அதே 1896-இல், நார்தாம்ப்டன் நகரின் டிக்சன் என்பவர் பிரிட்டிஷ் மாஸ்களைக் கண்டறிய ஒரு கையேட்டை வெளியிட்டார். பல தலைமுறையினர் அதைக்கொண்டே கற்றனர். இதே டிக்சனுக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. பழனி மலையின் செண்பகனூரில் மாஸ்களைச் சேகரித்த பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு ஃபொரோ, தாம் கண்டவற்றை ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். டிக்சனும் பிரான்சின் பொத்தியே தெ லா வார்தும் அவற்றை ஆராய்ந்து, ஒரு மாஸ் பேரினத்துக்கு 'ஃபொரோயெல்லா' என்று அவர் பெயரையே சூட்டினர்.

காற்றுக்குச் சாட்சி

இத்தனை உழைப்பால் என்ன பயன் என்ற வினாவுக்கு விடை, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நிலக்கரிப் புகையிலிருந்து எழும் கந்தக டைஆக்சைடு, வேரின்றி மழையையே பருகும் செடிகளுள் நேரே புகுந்தது. ஆலை நகரங்களைச் சுற்றி மரப்பட்டைகளில் வாழ்ந்த மாஸ்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. 1952 டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுப்புகை ஆயிரக்கணக்கான மக்களின் உயிரைக் கொண்டுபோன பின்னரே, 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. மனிதர் மடியுமுன் பல்லாண்டுகளாக மரப்பட்டைகள் அச்செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தன.

1960-இல் சொசைட்டியின் உறுப்பினர் நாடு முழுவதையும் பத்துக் கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கெடுக்கத் தொடங்கினர். கையில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு சிறு கண்ணாடி. பையில் காகித உறைகள். பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டு. மரங்கள் இலையுதிர்ந்து மண் நனைந்திருக்கும் குளிர்காலமே இதற்கு ஏற்றது. 1991 முதல் 1994 வரை மூன்று தொகுதிகளாக வரைபட நூல் வெளிவந்தது. 2014-இல் புதிய நூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது மகிழ்ச்சியான செய்தி ஒன்று தெரிந்தது. கந்தகப் புகை குறைந்ததால், 'ஆர்த்தோட்ரைக்கம்' போன்ற மரப்பட்டை மாஸ்கள் இழந்த இடங்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன. காற்று தூய்மையாகிறது என்பதை அவை பறைசாற்றின. அவை முன்பு எங்கே இருந்தன என்று எழுதி வைத்தவர் இல்லையெனில், திரும்பி வந்தன என்று இன்று சொல்ல யாரால் இயலும்?

துயரச் செய்தியும் அவ்வேடுகளில் உண்டு. பண்ணைகளிலிருந்து எழும் அம்மோனியா வேறு சில வகைகளை வாட்டுகிறது. அறுவடை முடிந்ததும் வயல் உழப்படுவதால் தாள்களிடையே சில மாதங்கள் மட்டுமே வாழும் சிறு மாஸ்கள் இடமிழக்கின்றன. ஸ்காட்லாந்தின் மலையுச்சிகளில் கோடைவரை உறைபனி தங்கும் குழிகளையே நம்பி வாழும் ஈரற்செடிகள், உறைபனி தங்கும் நாள்கள் குறையக் குறைய ஒடுங்கி வருகின்றன. மேலே ஏறிச் செல்ல அவற்றுக்கு இனி மலை இல்லை.

எலனுக்குக் கந்தகப் புகையைப் பற்றி எதுவும் தெரியாது. வாடெல் புவி வெப்பமடைவதைக் குறித்துச் சிந்தித்திருக்க வழியில்லை. தம் கண்முன் இருந்த சிறியதை உள்ளபடி கண்டு, உள்ளபடி எழுதினர், அவ்வளவே. பயன்படும் என்று தெரிந்தவற்றை மட்டும் எழுதியிருந்தால், இன்று வேண்டிய சாட்சியம் நம்மிடம் இருந்திராது. நம் பதிவேடுகளில் வரியாகவும் நம் பார்வையில் பொருளாகவும் இடம்பெறாதவை, நாம் அறியாமலே மறைந்துபோகின்றன. செடிக்கு மட்டுமா இது பொருந்தும்? நம் தெருவில் வாழும் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.