தேடி வந்த நூல்கள்

மண்ணச்சநல்லூர் வட்டத்தில் உள்ள திருப்பட்டூருக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பிரம்மபுரீசுவரர் கோயிலில் பிரம்மனின் சன்னதியில் ஜாதகத்தை வைத்து வணங்கினால் தலையெழுத்து மாறும் என்பது நம்பிக்கை. அதே ஊரில் இன்னொரு கோயில் இருக்கிறது. கூட்டம் குறைவு, கதை பெரிது. சேரமான் பெருமாள் நாயனார் கயிலையில் பாடிய திருக்கயிலாய ஞானவுலாவை அங்கே கேட்டிருந்த மாசாத்தனார் அதைப் பூமிக்குக் கொண்டுவந்து வெளியிட்ட இடம் திருப்பிடவூர் என்று பெரிய புராணம் சொல்கிறது. அந்தத் திருப்பிடவூர்தான் இன்றைய திருப்பட்டூர் என்பது வழக்கு. இங்குள்ள ஐயனாருக்கு அரங்கேற்றிய ஐயனார் என்று பெயர். தொன்மத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு நூலைப் பற்றி இந்த மண் சொல்லிவைத்திருக்கும் கதையில், எழுதியவருக்குக் கிடைத்த அதே மரியாதை சுமந்து வந்தவருக்கும் கிடைத்திருக்கிறது. மனத்துக்கு மகிழ்ச்சியும் வாழ்க்கைக்கு ஏற்றமும் தரும் புத்தகங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியை இன்று நாம் வாசகரிடம் விட்டுவிட்டோம். அவரே தேட வேண்டும், அவரே காசு கொடுக்க வேண்டும், தவறாக வாங்கிவிட்டால் நட்டமும் அவருடையது. திருச்சிச் சீமையின் கடந்த காலத்தைப் பார்த்தால் நடைமுறை வேறாக இருந்தது தெரிகிறது. வாசகர் நூலைத் தேடிப் போனதைவிட, நூல் வாசகரைத் தேடி வந்ததே மிகுதி. அப்படி வருவதற்கு ஓர் இடமும், சுமக்க ஆளும், செலவை ஏற்க யாரோ ஒருவரும் வேண்டியிருந்தது.

கொள்ளிடத்துக்குத் தெற்கே திருவரங்கத்தில் இதற்கு மிகப் பழைய சான்று உண்டு. மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து என்று நடக்கும் அத்யயன உற்சவத்தில் நாலாயிர திவ்வியப் பிரபந்தம் முழுவதும் ஓதப்படுகிறது. அரையர் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு நின்று பாசுரத்தைப் பாடுகிறார். பிறகு அதே பாசுரத்துக்கு அபிநயம் பிடிக்கிறார். அதன்பின் தம்பிரான்படி என்ற வியாக்கியானத்தைச் சொல்கிறார். ஒரே பாட்டு காதுக்கும் கண்ணுக்கும் அறிவுக்கும் மூன்று முறை போய்ச் சேர்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் ஒரு பெருநூலை ஆண்டுதோறும் கேட்டுமுடிக்க வழி இருந்தது. கம்பர் தம் இராமகாதையை அரங்கேற்றியதாக மரபு சொல்லும் மண்டபமும் இதே கோயிலில்தான் இருக்கிறது. ஒன்றை உடனே சொல்லிவிட வேண்டும். இந்த ஏற்பாடு எல்லோருக்கும் ஆனதாக இருக்கவில்லை. கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை கணிசமான மக்கள் மதிலுக்கு வெளியே நின்றார்கள். பாசுரம் எத்தனை இனிமையானாலும் மதிலைத் தாண்டிக் கேட்டிருக்காது. நூலைக் கொண்டுசேர்க்கும் அமைப்பு எவ்வளவு வலிமையானதோ அவ்வளவு வலிமையாக அது ஆட்களைத் தடுக்கவும் செய்யும். பின்னால் வந்தவர்கள் எதிர்த்தது இந்தத் தடுப்பைத்தான். கொண்டுசேர்க்கும் முறையை அவர்களும் கைவிடவில்லை.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் தனி ஆளாகத் தேடுவது என்ன பாடு என்பதற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் இளமையே சாட்சி. 1815-இல் திருச்சிக்கு அருகே பிறந்து, மலைக்கோட்டைப் பகுதியில் வாழ்ந்து படித்தவர். தண்டியலங்காரம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சுவடியை வைத்திருந்தவர் தெருத்தெருவாகப் பிச்சை எடுத்த ஒரு பரதேசி. அவர் வீடு வீடாகப் போகும்போது கூடவே நடந்து பிள்ளை பாடம் கேட்டார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஊரறிந்த கல்வி ஆர்வம் கொண்ட ஒருவருக்கே இந்தக் கதி என்றால், மண்ணச்சநல்லூரில் நெல் குத்திப் பிழைத்தவர் நூல் தேடுவது எங்கே? அவருக்கு எட்டியவை பாட்டாக வந்தவை. நாயக்கர் அரசில் திருச்சியில் அலுவல் பார்த்து, பிறகு துறவு பூண்ட தாயுமானவரின் பராபரக்கண்ணி அந்த வகை. இரண்டிரண்டு அடிகளாக இருப்பதால் ஒரு கண்ணியை ஒருமுறை கேட்டால் நினைவில் நிற்கும். சுவடி வேண்டாம், விளக்கு வேண்டாம். மனம் அடங்கினால் வரும் இன்பத்தைப் பற்றி இத்தனை பேச்சு தமிழில் பொதுமக்கள் வாய்க்குப் போனதற்கு அந்த யாப்பும் ஒரு காரணம் என்று சொல்வது மிகையாகாது.

அச்சு வந்த பிறகும் முதலில் வந்தது செய்யுள்தான். குளத்தூரில் 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின் முன்சீப் ஆனவர். அவருடைய நீதிநூல் 1859-இல் வெளிவந்தது. கடவுள் வாழ்த்தோடு தொடங்கினாலும் அதன் உடம்பு முழுக்க அன்றாட வாழ்க்கை: சோம்பல், பொய், சூது, குடி, கைக்கூலி. கைக்கூலிக்கு ஒரு நீதித்துறை ஊழியர் தனி இடம் ஒதுக்கியதைப் படிக்கும்போது, அலுவலகத்தில் என்னென்ன பார்த்திருப்பார் என்று தோன்றாமல் இராது. அதே 1859-இல்தான் லண்டனில் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘செல்ஃப் ஹெல்ப்’ வந்தது. உலகெங்கும் சுயமுன்னேற்ற நூல் என்ற வகைக்கே அதை மூலமாகக் காட்டுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த இரு நூல்களும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல். என் வாதத்துக்கு உதவுவது வேறொரு செய்தி. ஸ்மைல்ஸின் நூல் ஓர் எழுத்தாளர் தனியறையில் யோசித்ததல்ல. 1845 வாக்கில் லீட்ஸ் நகரத்தில் சில உழைப்பாளி இளைஞர்கள் மாலை நேரங்களில் ஒருவருக்கொருவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கக் கூடினார்கள். முன்பு காலரா மருத்துவமனையாக இருந்த ஓர் அழுக்கு அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். அங்கே பேச அழைக்கப்பட்ட ஸ்மைல்ஸ் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்ததே அந்த நூல். தனிமனித முயற்சிக்கு வேதமாகக் கொண்டாடப்பட்ட புத்தகம் பிறந்தது கூட்டு முயற்சியில், வாடகை அறையில்.

தமிழில் இந்த வகை உரைநடைக்கு வழி திறந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1890-களில் சட்டம் படிக்கத் திருச்சிக்கு வந்து, இங்கே தேறிய பிறகே ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908-இல் கைது, இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைப்பு என்று அந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். கோவைச் சிறையில் செக்கிழுத்தது தெரிந்த அளவுக்கு, சிறைக் காலத்தில் அவர் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கியது தெரியாது. ஆலனின் மூலநூல் 1903-இல் வந்தது. வ.உ.சி.யின் ‘மனம்போல வாழ்வு’ 1909-இலேயே வெளிவந்துவிட்டது. தொடர்ந்து ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, பல ஆண்டுகள் கழித்து ‘சாந்திக்கு மார்க்கம்’. நினைப்பே வாழ்க்கையை ஆக்குகிறது என்ற ஆலனின் வாதத்தைத் தமிழுக்குத் தந்தவர், நினைப்பால் மட்டும் விடுதலை வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர் அல்லர். கப்பல் வாங்கியவர், தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. மனத்தைச் சரிசெய்தால் வாழ்க்கை சரியாகும் என்பது ஏழையின் வறுமைக்கு ஏழையையே பொறுப்பாக்கும் பேச்சு. கூலி உயராததற்குக் காரணம் முதலாளி அல்ல, உன் எண்ணம்தான் என்று சொல்ல அது வசதி செய்கிறது என்பார்கள். இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் பல நூல்களைப் பற்றி இது உண்மை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் குற்றம் வகையின் பிறப்பில் இல்லை. லீட்ஸ் இளைஞர்களிடமும் வ.உ.சி.யிடமும் தன்னைத் திருத்துவதும் ஊரைத் திருத்துவதும் ஒரே வேலையின் இரு பக்கங்களாக இருந்தன. நூலைக் கூட்டத்திலிருந்து பிரித்து, ஒருவர் தனியே வாங்கித் தனியே படித்துத் தனியே தேறவேண்டிய சரக்காக மாற்றியபோதுதான் அந்தப் பழி வந்து ஒட்டிக்கொண்டது. இவையெல்லாம் நீதி நூல்கள், பக்தி நூல்கள். இவற்றை மகிழ்ச்சி நூல் என்று சொல்லலாமா என்ற ஐயமும் எழலாம். எல்லாப் பாட்டையும் சொல்ல முடியாதுதான். கைக்கூலியையும் சோம்பலையும் பற்றிப் பேசும் நூலையோ, மனம் ஓய்வதைப் பற்றிப் பேசும் கண்ணிகளையோ வேறு எந்த அலமாரியில் வைப்பது?

இருபதாம் நூற்றாண்டுத் திருச்சியில் இந்தக் கொண்டுசேர்க்கும் வேலையை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தரப்புகள் செய்தன. காவிரிக் கரையில் திருப்பராய்த்துறையில் சுவாமி சித்பவானந்தர் 1942-இல் இராமகிருஷ்ண தபோவனத்தை நிறுவினார். நூல்கள், ‘தர்ம சக்கரம்’ மாத இதழ், பள்ளிகள், ஊர் ஊராக நடந்த அந்தர்யோகம் என்ற நாள் முழுதுமான கூடுகை எல்லாம் அங்கிருந்து புறப்பட்டன. கீதையும் தாயுமானவரும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எளிய தமிழில் இப்படித்தான் போயின. இன்னொரு பக்கம், புத்தூரில் மாளிகை அமைத்துத் திருச்சியைத் தம் இயக்கத்தின் முக்கிய ஊராக்கிக்கொண்ட பெரியார் சிறு சிறு வெளியீடுகளை மலிவு விலையில் போட்டார். கூட்டம் முடிந்ததும் மேடையருகே புத்தகம் விற்றது. கீற்றுக் கொட்டகைப் படிப்பகங்களில் ஒருவர் உரக்கப் படிக்க, பலர் கேட்டார்கள். சுயமரியாதை என்பதைவிடப் பெரிய சுயமுன்னேற்றம் எது என்று அந்தத் தரப்பு கேட்டால் மறுக்க முடியாது. ஆத்திகரும் நாத்திகரும் கருத்தில் அடித்துக்கொண்டாலும் விநியோகத்தில் ஒரே முறையைக் கையாண்டார்கள்: விலையைக் குறை, கூட்டத்துக்குக் கொண்டு போ, படித்ததைப் பற்றிப் பேச வை.

அப்படியானால் வணிகப் பதிப்பாளர்கள் ஒன்றும் செய்யவில்லையா? செய்தார்கள். எம்.ஆர்.எம். அப்துற் றஹீமின் ‘வாழ்க்கையில் வெற்றி’ போன்ற நூல்களும், ‘துணிவே துணை’ என்ற முழக்கத்தோடு தமிழ்வாணன் எழுதிக் குவித்தவையும், எம்.எஸ்.உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலும் சிற்றூர் இளைஞர்கள் பல தலைமுறைக்குத் தைரியம் கொடுத்தன. இதைச் சந்தையின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டால் பாதியை விட்டுவிடுவோம். தமிழ்வாணனைப் பெரும்பாலோர் சந்தித்தது ‘கல்கண்டு’ இதழில். முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் பெட்டிக் கடையிலும் கிடந்த ஒரே பிரதியைப் பல பேர் புரட்டினார்கள். காசு கொடுத்தவர் ஒருவர், படித்தவர் பலர். உதயமூர்த்தியோ எழுத்தோடு நிற்காமல் 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி வாசகர்களை ஊருக்கு ஊர் ஒன்றுகூட்டினார். வெற்றிபெற்ற நூலுக்குப் பின்னால் இங்கேயும் கடையைவிடப் பெரிய ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

நூலை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் இந்த முறையைச் சட்டமாக்கியவர் சீர்காழியில் பிறந்த நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் இரண்டு. இவற்றுள் பின்னதைக் கவனிக்க வேண்டும்: தேட வேண்டிய கடமை நூலின் பக்கத்துக்கும் உண்டு என்று அது சொல்கிறது. அதே 1931-இல் மன்னார்குடி மேலவாசலில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த வண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதன்தான். அவர் பல ஆண்டுகள் வாதாடிய பொது நூலகச் சட்டம், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறி, 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நாடி வரி. வீட்டு வரி, சொத்து வரியில் ரூபாய்க்கு 6 தம்பிடி நூலகத்துக்கு என்று தொடங்கியது, இன்று ரூபாய்க்கு 10 காசு. புரவலர் மனம் வைத்தால் நூல் வரும் என்ற நிலை போய், வரி கட்டுவதால் நூல் வந்தாக வேண்டும் என்ற உரிமை பிறந்தது. கோயில் மதில் தடுத்தவர்களை இந்தச் சட்டம் தடுக்கவில்லை; யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

கைப்பேசி வந்துவிட்டது, தேடினால் எல்லாம் கிடைக்கிறது, நூலகத்துக்கு என்ன வேலை என்பது கடைசி மறுப்பு. கிடைப்பது உண்மைதான். எது நல்லது என்று சொல்ல எதிரில் ஒரு ஆள் இல்லை என்பதும் உண்மை. ஆலை முதலாளியும் சுமை தூக்குபவரும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கக்கூடிய அறை மண்ணச்சநல்லூர் போன்ற அரிசி ஆலை ஊரில் கிளை நூலகத்தைத் தவிர வேறு எது? வாசகர் வட்டம் கூடிப் பேசலாம், இரவல் எடுக்கலாம், இல்லாத நூலை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அடுத்த முறை வீட்டு வரி ரசீது கைக்கு வந்தால் நூலக வரி என்ற இனத்துக்கு எதிரே உள்ள தொகையைப் பாருங்கள். அதைக் கட்டியவர் என்ற உரிமையோடு நூலகரிடம் போய், ‘அகமே புறம்’ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.