அறுவை வலைப் பாதிப்பும் சட்ட உதவியும்: குகட்பள்ளி, ஐதராபாத்

ஹெர்னியா, கருப்பை இறக்கம், இருமினாலே சிறுநீர் கசிவது போன்ற தொல்லைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையில், தளர்ந்த இடத்தைத் தாங்க உடலுக்குள் வைக்கப்படும் பாலிபுரொப்பிலீன் பின்னலே அறுவை வலை. மருத்துவமனைகளில் ‘மெஷ்’ என்பார்கள். டெக்சாஸ் மருத்துவர் பிரான்சிஸ் உஷர் 1958இல் பிளாஸ்டிக் இழை வலையை ஹெர்னியாவுக்குப் பயன்படுத்தினார். ஹெர்னியா திரும்ப வருவதை இது பெரிதும் குறைத்தது; அந்தப் பயனை யாரும் மறுப்பதில்லை. சிக்கல் பெரிதானது, அதே பொருள் பெண்களின் இடுப்புக்குழிக்குள் யோனி வழியாக வைக்கப்பட்ட பிறகுதான். வலையின் கண்களுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்வதே அதன் பலம். அது சுருங்கியோ யோனிச் சுவரை அரித்தோ வலி தரத் தொடங்கினால், முழுதாகப் பிரித்தெடுக்க முடியாமல் செய்வதும் அந்தப் பிடிப்புத்தான்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008லும் 2011லும் எச்சரித்து, 2019 ஏப்ரலில் உறுப்பு இறக்கத்துக்கான யோனிவழி வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அதற்குள் அந்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாகியிருந்தன. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி அன்னா காட்ஸ்மன் 2019இல் ஜான்சன் அண்டு ஜான்சன் குழும நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2022இல் 30 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் இதை ஆராய்ந்த கம்பர்லெஜ் குழு 2020இல் தந்த அறிக்கை, வலியைச் சொன்ன பெண்களை மருத்துவர்கள் நம்பாமல் ஒதுக்கியதையே பெருங்குற்றமாக எடுத்துச் சொன்னது. படிக்கவே மனம் கனக்கும் அறிக்கை அது.

இந்தியாவில் வழி வேறு. இங்கே நோயாளிக்குக் கைகொடுப்பது நுகர்வோர் சட்டம். கட்டணம் பெற்றுத் தரும் மருத்துவமும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த முக்கியமான இரண்டு தீர்ப்புகள் ஐதராபாத்திலிருந்து போன வழக்குகளில் பிறந்தவை.

குகட்பள்ளியில் மெட்ரோ ஏறினால் அதே தடத்தில் வருவது பஞ்சாகுட்டா. அங்குள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 1990இல், மார்புக்குள் இருந்த கட்டிக்காக ஒரு பொறியியல் மாணவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒப்புதல் பெற்றது பரிசோதனைக்குத் திசு எடுக்க. நடந்ததோ கட்டியையே அகற்றும் சிகிச்சை. இடுப்புக்குக் கீழே அவருக்கு அசைவில்லாமல் போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 15.5 லட்சம் ரூபாய் வழங்கியது. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து உச்ச நீதிமன்றத்தில் தம் வழக்கைத் தாமே வாதாடினார். 2009 மே மாதம் அத்தொகை 1 கோடியாயிற்று. வலை வழக்குகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ‘உள்ளே வலை வைக்கப்போகிறோம், அதனால் இன்னின்ன ஆபத்து உண்டு’ என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் சொன்னார்களா என்பதுதான் அங்கும் முதல் கேள்வி.

இரண்டாவது, 2010இல் முடிந்த நிகில் மருத்துவமனை வழக்கு. மலேரியா காய்ச்சலில் தவித்த பெண்ணுக்கு டைபாய்டு மருத்துவம் செய்ததாகப் புகார், அவர் இறந்துவிட்டார். புகார் கொடுத்த கணவர் மலேரியாத் துறையிலேயே பணியாற்றிய அரசு அலுவலர். எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறி, மாவட்ட நுகர்வோர் மன்றம் வழங்கிய 2 லட்சத்தை உறுதிசெய்தது. சக மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மருத்துவர் கிடைப்பது எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை புரியும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது வலை நோயாளிகளுக்கு மேலும் வசதிகள் கிடைத்தன. குறையுள்ள பொருளுக்கும், போதிய எச்சரிக்கை தராததற்கும் தயாரிப்பாளரே பொறுப்பாவார். ஆகவே மருத்துவரின் கையில் பிழை இல்லாவிட்டாலும் வழக்குக்கு இடமுண்டு. நோயாளி தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். குகட்பள்ளிக்கு அது 2016 முதல் மேட்சல்–மல்காஜ்கிரி. சிகிச்சைக்குச் செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வேண்டுமென்றால், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். யோனிவழி வைத்த வலையால் துன்பப்படுவோர் பெண்களே என்பதால் இந்தப் பிரிவு அவர்கள் அனைவருக்கும் உரியது. எத்தனை வீடுகளில் இது தெரியும்? இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.

காலவரம்புதான் முள். புகார் கொடுக்க 2 ஆண்டு. வலையோ பல ஆண்டு கழித்தும் அரிக்கும். 1993இல் வயிற்றுக்குள் விட்ட துணி 2002இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வழக்கில், மறைந்திருக்கும் பாதிப்பு தெரியவரும் நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடலாம் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியது. ஆனால் அந்த நோயாளிக்கே அது உதவவில்லை. அவர் செவிலியர், ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தும் காரணத்தை ஆராயவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. வலி தொடங்கியதும் ஸ்கேன் எடுத்துத் தேதியோடு பதிவுசெய்வது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

ஆவணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இடுப்பு மூட்டு விவகாரம் காட்டியது. ஜான்சன் அண்டு ஜான்சனின் டீப்பியூ ஏ.எஸ்.ஆர். மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அது சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அரசு அமைத்த அருண் அகர்வால் குழுவின் விசாரணைக்குப் பின், 2018 நவம்பரில் மத்திய அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை இழப்பீட்டுக் கணக்கு வகுத்தது. ஆனால் பாதிக்கப்பட்டவர்களைத் தேடியபோது 3,600 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. உள்நோயாளியின் கேஸ் ஷீட்டை மருத்துவர் 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதே மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. அதே விதி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எந்த நிறுவனத்தின் எந்தத் தொகுதி வலை என்று காட்டும் லாட் எண் ஸ்டிக்கர் வழக்கமாக அந்தக் கேஸ் ஷீட்டில்தான் ஒட்டப்பட்டிருக்கும்.