பாதியில் அறுக்கப்பட்ட 'த்ரீ நாட் த்ரீ'... காசு போனாலும் பரவாயில்லை என்று அதை ஏன் மீட்டெடுக்கிறார்கள்?

பாரா நிற்கும் காவலரின் தோளில் தொங்கும் அந்த நீளமான மரத் துப்பாக்கியைப் பார்க்காதவர்கள் குறைவு. பழைய போலீஸ் படங்களிலும் அதேதான் வரும். காலேஜில் என்சிசியில் இருந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், அதைச் சுமந்து பரேடு போன தோள்வலி இன்னும் ஞாபகம் இருக்கும். நம்ம ஊரில் அதற்குப் பேர் 'த்ரீ நாட் த்ரீ'. பிறந்த ஊரில் லீ-என்ஃபீல்டு.

2020 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப்பிரதேச போலீஸ் இந்தத் துப்பாக்கிக்கு விடை கொடுத்துவிட்டது. ஆனால் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதே ரைஃபிளின் துருப்பிடித்த, அறுபட்ட பிரதிகளைத் தேடி வாங்கி, வீட்டுப் பட்டறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிற ஒரு கூட்டம் இருக்கிறது. இதில் லாபம் பார்ப்பவர்கள் குறைவு. உதிரி பாகங்களுக்கு ஆகும் செலவைக் கூட்டினால், நல்ல நிலையில் இருக்கும் ஒன்றையே வாங்கியிருக்கலாம். பிறகு ஏன் இந்த மெனக்கெடல்?

அறுத்தது யார்?

லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்தது பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை. அந்த ஊர்ப் பெயரும், போல்ட்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் பெயரும் சேர்ந்ததுதான் லீ-என்ஃபீல்டு. 1895-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது. 1907-ல் வந்த 'மார்க் III' ரகம்தான் முதல் உலகப் போரில் பெரும்பாலும் கையில் இருந்தது. எடை சுமார் 4 கிலோ, மேகசினில் 10 தோட்டா. பர்மிங்ஹாம், ஆஸ்திரேலியாவின் லித்கோ, கனடாவின் லாங் பிராஞ்ச், நம்ம கொல்கத்தா அருகே இஷாப்பூர் என்று பல இடங்களில் தயாரானது. எல்லா ரகமும் சேர்த்து சுமார் 1.7 கோடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இத்தனை துப்பாக்கிகளையும் என்ன செய்வது? விற்றுத் தள்ளினார்கள். 1950, 60-களில் அமெரிக்காவில் இருபது டாலருக்கும் குறைவாகக்கூட தபாலிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1968-ல் வந்த சட்டம்தான் அந்தத் தபால் வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

வாங்கியவர்களில் பெரும்பாலானோர் வேட்டைக்காரர்கள். மான் வேட்டைக்குப் போகிறவருக்கு பயோனெட் மாட்டும் மூக்கு எதற்கு, குழல் நுனி வரை போர்த்தியிருக்கும் மரம் எதற்கு? முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள். மேல்மூடியைக் கழற்றி எறிந்தார்கள். சிலர் குழலையே குட்டையாக்கினார்கள். இப்படி மாற்றிய துப்பாக்கிக்கு 'ஸ்போர்ட்டர்' என்று பெயர். அன்றைக்கு அது காயலான் கடைச் சாமான் மாதிரி, யாரும் வருத்தப்படவில்லை. தாத்தா அறுத்ததைத்தான் இன்று பேரன்கள் ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள்.

வேலை எங்கே ஆரம்பிக்கிறது?

கையில் ரம்பத்தோடு இல்லை, பூதக்கண்ணாடியோடு. கட்டைக்கும் போல்ட்டுக்கும் இடையில் இருக்கும் இரும்பு வளையத்தில் கிரீடம், தொழிற்சாலை பெயர், வருடம், ரகம் எல்லாம் பொறித்திருக்கும். அங்கங்கே அம்புக்குறி இருந்தால் அது அரசுச் சொத்து என்று அர்த்தம். இரண்டு அம்புகள் ஒன்றையொன்று முட்டுவதுபோல் இருந்தால், முறைப்படி விற்கப்பட்டது என்று அர்த்தம். சீரியல் நம்பர் ஒரே இடத்தில் இல்லை. உடல் பகுதி, போல்ட், பார்வைக்குறி, மூக்குப் பகுதி, முன்கட்டையின் அடிப்பக்கம் என்று பல இடங்களில் அதே நம்பர் அடித்திருப்பார்கள். எல்லாம் பொருந்தினால் அதற்குத் தனி மரியாதை. ஸ்போர்ட்டரில் பாதி நம்பர்கள் அறுத்தெறிந்த மரத்தோடேயே போயிருக்கும்.

குழல் முழு நீளத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. இருந்தால் மரத்தைத் தேடலாம். குழலே அறுபட்டிருந்தால் மூக்குப் பகுதி உட்கார இடமே இருக்காது. அனுபவஸ்தர்கள் அதைத் தொடுவதே இல்லை.

புதுசாக இதில் இறங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டின் சதுர முனை, பழைய ரகத்தில் முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகட்டில் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் பின்பக்க போல்ட்டைத் திருகினால் அந்தச் சதுர முனையும் சேர்ந்து திரும்பும். 'டக்' என்று ஒரு சத்தம். நூறு வருடம் தாங்கிய மரம் ஒரு நிமிடத்தில் பிளந்துவிடும். தேடித் தேடி வாங்கிய கட்டையை இப்படி உடைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

மாற்றுக் கட்டை கிடைத்துவிட்டாலும் அப்படியே மாட்ட முடியாது. சுடும்போது பின்னோக்கி வரும் அடியை, முன்கட்டையின் பின் முனையில் இருக்கும் இரண்டு சின்ன மரப் பரப்புகள்தான் தாங்குகின்றன. இரண்டும் இரும்போடு ஒரே சீராக ஒட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் மரம் விரியும், குறியும் தப்பும். அதனால் இரும்பில் சாயம் பூசி, மாட்டி, கழற்றி, சாயம் பட்ட இடத்தை மட்டும் உளியால் மயிரிழை சுரண்டி, மறுபடி மாட்டி... இந்த ஒரு வேலையே பல சாயங்காலங்களைத் தின்னும்.

மரத்தைத் துப்புரவு செய்வதும் அவசரப்பட முடியாத விஷயம். எண்ணெய் ஊறிக் கறுத்த கட்டையில் சாக் பவுடரைக் குழைத்துப் பூசி வெயிலில் வைப்பார்கள்; சூட்டில் கசியும் எண்ணெயை மாவு உறிஞ்சிக்கொள்ளும். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நீராவி பட்ட மரநார் உப்பி மேலே வரும். கடைசியில் ஆளி விதை எண்ணெய். ராணுவமும் அதைத்தான் பூசியது. உள்ளங்கையால் தேய்த்து, நாள்கணக்கில் காயவிட்டு, மறுபடி தேய்ப்பது. பளபளக்கும் வார்னிஷ் அடித்தால் விவரம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

துருவுக்கு ஒரு அழகான வழி இருக்கிறது. துருப்பிடித்த பாகத்தைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால், சிவப்புத் துரு வேதிமாற்றம் அடைந்து கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். மேலே ஒட்டியிருக்கும் கறுப்புத் தூளை மெல்லிய எஃகு நாரால் துடைத்தால், அடியில் பழைய கருநீலப் பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு எழுத்துகளும் போய்விடும்.

எங்கே நிறுத்துவது?

இவர்களுக்குள் ஓயாத சண்டை இதில்தான். கட்டையில் ஒரு சிப்பாய் கத்தியால் கீறிய இரண்டு எழுத்து இருக்கிறது. அதைத் தேய்த்து மழமழவென்று ஆக்குவதா, விடுவதா? அழுக்கு போகலாம், அடையாளம் போகக்கூடாது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விதி. ஆனால் விதி சுலபம், கை நிற்காது.

இன்னொரு சிக்கல், இல்லாததைச் சேர்ப்பது. மார்க் III-ல் பக்கவாட்டில் தொலைதூரப் பார்வைக்குறி ஒன்று இருந்தது. போர் நேரத்தில் தயாரிப்பை வேகப்படுத்த அதைக் கைவிட்டார்கள். அப்படி வந்ததுதான் 'மார்க் III ஸ்டார்'. 1918-ல் தயாரான ஸ்டார் ரகத்தில் அழகுக்காக அந்தப் பார்வைக்குறியை மாட்டினால், அது மீட்டெடுப்பா, போலியா? இந்தியத் துப்பாக்கிகளில் மேகசினுக்கு முன்னால் மரத்தின் குறுக்கே ஒரு திருகு போட்டிருப்பார்கள், மரம் விரியாமல் இருக்க. சேகரிப்பாளர்கள் மத்தியில் அதற்கு 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றே பேர். அதை எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்தால், அந்தக் கட்டை இந்தியாவில் உழைத்த காலமே அழிந்துபோகும். வாங்குபவரிடம் மறைத்து விற்றால் அது மோசடி.

உதிரி பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் உறுத்தலான கேள்விதான். ஒன்றை முழுசாக்க, வேறொரு நல்ல ரைஃபிளைப் பிரித்து விற்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். பிரித்து விற்றால் காசு அதிகம். ஒன்று பிழைக்க இன்னொன்று சாகிறது.

சரி, சுடலாமா?

எல்லாவற்றையும் இல்லை. 'டிபி' என்று பொறித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும், சுடவே கூடாது. பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பகுதியில் கையால் செய்த நகல்களும் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. பொறித்த ஆங்கில எழுத்து தலைகீழாகத் திரும்பியிருப்பதை வைத்தே சிலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். பார்க்க அசல், ஆனால் இரும்பின் தரத்தை நம்ப முடியாது. அசலே ஆனாலும், போல்ட் முகப்புக்கும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியை அதற்கான அளவுகோல் வைத்துத் துப்பாக்கி மெக்கானிக் சோதிக்கவேண்டும். இடைவெளி கூடினால் தோட்டா உறை உள்ளேயே கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். சுவர் அலங்காரமாக மாட்டி ரசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் கோழைகள் இல்லை, விவரமானவர்கள்.

இந்தியாவில் முடியுமா?

கிட்டத்தட்ட முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. இதில் .303, அரசுப் படைகளின் தோட்டாவைச் சுடக்கூடிய ரகம் என்பதால் தனிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வருகிறது. பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடைத்தால், எண்ணெயும் துணியும் எடுப்பதற்கு முன் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லவேண்டும். பிரிட்டனிலும் சுடும் நிலையில் உள்ளதற்குச் சான்றிதழ் தேவை. அதனால் அங்கே பலர் சட்டப்படி செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளைத்தான் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் 50 வருடத்துக்கு மேல் பழையவற்றைச் சேகரிப்பவர்களுக்கென்றே தனி லைசென்ஸ் இருக்கிறது.