சட்டிக்குச் சட்டி: பழைய பத்ரிநாத் பாதையின் நடைக்கணக்கு

ரிஷிகேஷை அடுத்த லட்சுமண் ஜூலாவிலிருந்து தேவப்பிரயாகை வரை, கங்கையின் இடக்கரையை ஒட்டிச் செல்லும் பழைய யாத்திரைப் பாதையில் நடக்க நண்பர்கள் மூவர் திட்டமிட்டு வருகிறோம். முழுப் பாதையும் பத்ரிநாத் வரை செல்வது; இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 300 கி.மீ. ஒரே மூச்சில் நடந்து முடிக்க எங்களுக்கு விடுப்பும் இல்லை, உடல்வலுவும் இல்லை. ஆகவே ஆண்டுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டோம். முதல் இரவு எங்கே தங்குவது என்று நிலப்படத்தை விரித்துத் தேடியபோது, ஊர்ப்பெயர்களே விடை சொல்லின: கருட சட்டி, பூல் சட்டி, மோகன் சட்டி, மகாதேவ் சட்டி.

தமிழ்க் காதுக்குச் சட்டி என்றால் சமையற்கலம். கட்வால் மலைப்பகுதியில் அது யாத்திரிகர் தங்கும் கொட்டகை. இரண்டு சொற்களுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சட்டிகளில் சமையற்கலமும் கிடைத்தது என்பது சுவையான தற்செயல். நீண்டு தாழ்ந்த கூரை, திறந்த முன்புறம், வரிசையாக அடுப்புகள். இதுவே அதன் அமைப்பு. பெரும்பாலும் அருகிலுள்ள கிராமத்தார் யாத்திரைக் காலத்தில் இதை நடத்தினர். தங்குவதற்குக் கட்டணம் இல்லை. மாவு, அரிசி, பருப்பு, நெய் ஆகியவற்றைச் சட்டிக்காரரிடமே வாங்க வேண்டும், அவ்வளவுதான். இடமும் பாத்திரமும் அந்த வணிகத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் அதன் இடைவெளியில் இருக்கிறது. ஒரு சட்டிக்கும் அடுத்ததற்கும் சில மைல் தொலைவுதான். விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஒரு சட்டியில் இறங்கிச் சமைத்து உண்டு, மாலையில் மற்றொரு சட்டியை அடைவது வழக்கம். வலியவர் மூன்று சட்டிகளைக் கடக்கலாம். முதியவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கால் வீங்கியவரும் இருட்டுமுன் ஒரு கூரையை அடைந்துவிடுவார். அதாவது, பயணத் திட்டத்தைப் பயணி வகுக்கவில்லை. பாதையே வகுத்து வைத்திருந்தது. அந்தத் திட்டத்தின் அளவுகோல் மெல்ல நடப்பவரின் கால்.

இது தானாக முளைத்ததும் அன்று. யாத்திரிகருக்கு உணவளிக்கவென்று அரசர்கள் கிராமங்களின் வருவாயை ஒதுக்கியிருந்தனர். அதற்குச் சதாவர்த் என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் குமாவுன் ஆணையராக இருந்த டிரெயில், 1820களின் இறுதியில் அந்த வருவாயைக் கொண்டே யாத்திரைப் பாதையைச் சீரமைக்கத் தொடங்கினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கறுப்புக் கம்பளி போர்த்தித் திரிந்ததால் காளி கம்ளி வாலா என்று அழைக்கப்பட்ட சுவாமி விசுத்தானந்தர், வணிகர்களிடம் நன்கொடை திரட்டி இவ்வழியெங்கும் தருமசாலைகளையும் தண்ணீர்ப் பந்தல்களையும் அமைத்தார். லட்சுமண் ஜூலாவில் கயிற்றுப் பாலம் இருந்த இடத்தில் 1889இல் இரும்புக் கம்பிப் பாலம் எழுந்ததும் அவருடைய தூண்டுதலால்தான்; செலவை ஏற்றவர் கல்கத்தா வணிகர் சூரஜ்மல் ஜுன்ஜுன்வாலா. 1924 வெள்ளம் அதனை அடித்துச் சென்றது. அடுத்த பாலம் 1930இல் திறக்கப்பட்டது.

இதைப் பொற்காலம் என்று எழுதிவிடக் கூடாது. நெரிசலும் அழுக்கு நீரும் சேர்ந்த சட்டிகளின் வழியாகவே காலராவும் மலையேறியது. கடைசிச் சட்டியை அடையாமலே மாண்டவர் பலர். எனினும், நடப்பவர் அனைவரும் இரவில் ஒரு கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பாதையின் அடித்தளமாக இருந்தது.

1962 போருக்குப் பின் எல்லைப் பாதுகாப்பின் பொருட்டு மலைச்சாலைகள் விரைந்து நீண்டன. பேருந்து சென்ற இடத்தில் சட்டிக்கு வேலை இல்லை. யமுனோத்திரி வழியிலுள்ள அனுமான் சட்டி இதற்கு நல்ல சான்று. ஒரு காலத்தில் வண்டிகள் அங்கே நின்றன. யாத்திரிகர் அங்கிருந்து சுமார் 13 கி.மீ. நடந்தனர். பின்னர்ச் சாலை ஜானகி சட்டி வரை சென்றது. நடை ஐந்தாறு கி.மீ. ஆகச் சுருங்கிற்று. அனுமான் சட்டி இப்போது வண்டிகள் கடந்து செல்லும் ஊர்களில் ஒன்று. பத்ரிநாத் வழியிலும் ஓர் அனுமான் சட்டி உண்டு. கேதார்நாத்துக்கு அருகே இன்னொரு கருட சட்டியும் உண்டு. நடந்தவர்களுக்கு இதில் குழப்பம் இருந்திராது. தாம் செல்லும் வழியில் அடுத்து வருவது எது என்பது மட்டுமே அவர்களுக்குத் தேவை. நிலப்படத்தை மேலிருந்து பார்க்கும் நமக்குத்தான் குழப்பம்.

2013 சூனில் மந்தாகினி பெருக்கெடுத்தபோது, கௌரிகுண்டத்துக்கும் கேதார்நாத்துக்கும் நடுவே இருந்த இராம்பாடா என்னும் தங்குமிடம் முற்றிலும் அழிந்தது. புதிய பாதை ஆற்றின் மறுகரைக்கு மாற்றப்பட்டது. பழைய கரையில் கருட சட்டி நடப்பவரின்றித் தனித்தது. பாதை இடம் மாறினால் தங்குமிடம் வெறும் பெயராகிவிடுகிறது.

சொல் எஞ்சி, பொருள் கரைந்த இத்தகைய பெயர்கள் தமிழ்நாட்டிலும் குறைவில்லை. பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் நிற்கும் சத்திரங்களையும் சாவடிகளையும் நாம் அறிவோம். சுமைதாங்கிக் கல்லைக் கண்டும் அதன் பயன் அறியாதவர் நம்மில் பலர். நம் முன்னோர் பாடிய வதரியும் திருக்கண்டமென்னும் கடிநகரும் இன்றைய பத்ரிநாத்தும் தேவப்பிரயாகையுமே. அங்கே நடந்து சென்ற தமிழரும் ஏதோ ஒரு கூரையின் கீழ்த்தான் உறங்கியிருப்பர்.

எங்கள் திட்டம் இப்போது மாறியிருக்கிறது. ஒரு நாளுக்கு இத்தனை கி.மீ. என்று முதலில் வகுத்த அட்டவணையைக் கைவிட்டோம். சட்டிக்குச் சட்டி எண்ணுகிறோம். மூவரில் மெல்ல நடப்பவரின் கணக்கே எல்லோர்க்கும் கணக்கு. அவர் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாதை சில இடங்களில் மோட்டார் சாலையாகிவிட்டதால், ஒவ்வோர் ஊரிலும் இரவு தங்க இடம் தருவார் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து வருகிறோம்.

உங்கள் குடும்பத்தில் தாத்தாவோ பாட்டியோ சாலை வருமுன் பத்ரிநாத் சென்றிருந்தால், எந்தச் சட்டியில் தங்கினார்கள், என்ன சமைத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இங்கே எழுதுங்கள். வழிச்செலவுக் குறிப்பு ஏதும் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.